கியர் இல்லாத சைக்கிள்: எங்கே செலவு செய்வது, எங்கே மிச்சம் பிடிப்பது

தினமும் வேலைக்குப் போய்வர கியர் இல்லாத சைக்கிள் வைத்திருப்பவருக்குப் பராமரிப்புச் செலவு குறைவு. பின்னால் பல்லடுக்கு கிடையாது, செயினை ஒரு பல்லிலிருந்து இன்னொரு பல்லுக்குத் தள்ளும் டீரெய்லர் கிடையாது, கியர் ஒயர் கிடையாது. ஒரு செயின், முன்னால் செயின்வீல் என்ற ஒரு பெரிய பல்சக்கரம், பின்னால் பிரீவீல் என்ற, மிதிக்காதபோது சக்கரத்தைச் சும்மா சுழலவிடும் ஒரு சிறு பல்சக்கரம், இரண்டு டயர், பிரேக், பால்ஸ் ஓடும் நாலைந்து இடங்கள். அவ்வளவுதான். அப்படியிருந்தும் ஒரே மாடல் சைக்கிளை ஒரே தூரம் ஓட்டுகிற இரண்டு பேருக்குச் செலவு ஒன்றாக வருவதில்லை. மலிவான பொருள் தேய்ந்த பிறகும் அதை மாற்றாமல் விட்டால், அது விலை கூடிய பொருளைத் தின்னத் தொடங்குகிறது. தேய்ந்த செயின் பிரீவீலைத் தின்னும். தேய்ந்த பிரேக் கட்டை ரிம்மைத் தின்னும். தளர்ந்த ஒரு போல்ட், பெடலைத் தாங்கும் கைபோன்ற கிராங்க்கையே தின்றுவிடும். எந்த வழியைத் தேர்ந்தாலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: எதைத் தேயவிடுகிறோம், அது தேய்வதால் எது காப்பாற்றப்படுகிறது?

விலை இடத்துக்கு இடம், வருடத்துக்கு வருடம் மாறும். அதனால் இந்தக் கட்டுரையில் பணத்தால் கணக்குப் போடவில்லை. ஒரு சாதாரண 1/8 அங்குலச் செயினின் விலையை 1 என்று வைத்துக்கொண்டு, மற்ற எல்லாவற்றையும் அதன் மடங்காகச் சொல்கிறோம். உங்கள் கடைக்காரரிடம் செயின், பிரீவீல், செயின்வீல், டயர் நான்கின் விலையைக் கேட்டு, செயின் விலையால் வகுத்துப் பாருங்கள். கீழே வரும் எண்களுக்குப் பதிலாக அவற்றைப் போட்டால் முடிவு உங்கள் சைக்கிளுக்குரியதாகிவிடும்.

செயினை எப்போது மாற்றுவது: மூன்று வழிகள்

செயின் நீண்டுவிட்டது என்று சொல்கிறோமே, அதன் தகடுகள் நீள்வதில்லை. கண்ணிகளை இணைக்கும் ஊசியும் ஊசி நுழையும் துளையும் தேய்கின்றன. ஒவ்வொரு கண்ணியிலும் மயிரிழை அளவு ஆட்டம் சேர்ந்து, மொத்தச் செயினும் நீண்டதுபோல ஆகிறது. புதுச் செயினில் ஓர் ஊசியின் மையத்திலிருந்து அடுத்த ஊசியின் மையம் வரை 12.7 மி.மீ. பல்லும் அதே இடைவெளியில்தான் வெட்டப்பட்டிருக்கிறது. செயினின் இடைவெளி கூடிவிட்டால் அது பல்லின் அடியில் உட்காராமல் மேலே ஏறி உட்காரும். பல பற்கள் பகிர வேண்டிய சுமை ஓரிரண்டு பல்லின் மேல் விழும். அந்தப் பற்கள் ஒரு பக்கம் குழிந்து அரிவாள் மூக்குபோல வளையும். அப்படி வளைந்த பல்லில் புதுச் செயினைப் போட்டால் அது ஒழுங்காக உட்காராது. நின்று மிதிக்கும்போது டக்கென்று தாவும்.

தேய்மானத்தை அளக்க ஒரு இரும்பு ஸ்கேல் போதும். பெடலை லேசாக அழுத்தி மேல்பக்கச் செயினை இறுக்கமாக்குங்கள். ஸ்கேலின் சுழியத்தை ஓர் ஊசியின் மையத்தில் வையுங்கள். அங்கிருந்து 24 இடைவெளி தள்ளி இருக்கும் ஊசியின் மையம் புதுச் செயினில் சரியாக 304.8 மி.மீட்டரில், அதாவது 12 அங்குலத்தில், நிற்கும். 306.3-க்குப் போயிருந்தால் அரை சதவீதத் தேய்மானம். 307.1 என்றால் முக்கால். 307.8-ஐத் தொட்டால் ஒரு சதவீதம்.

கண் கூர்மை போதாதவருக்கு இன்னொரு வழி இருக்கிறது. அது கியர் இல்லாத சைக்கிளுக்கே உரியது. புதுச் செயின் போட்டு இறுக்கம் வைத்த அன்று, பின் ஆக்சில் நிற்கும் இடத்தில் பிரேமின் மேல் ஒரு கோடு போட்டுவையுங்கள். செயின் தேயத் தேய நீங்கள் சக்கரத்தைப் பின்னால் இழுத்து இறுக்கம் வைப்பீர்கள். 100 கண்ணி உள்ள செயின் ஒரு சதவீதம் தேய்ந்தால் மொத்த நீளம் 12.7 மி.மீ. கூடும். செயின் மேலும் கீழுமாக ஓடுவதால் ஆக்சில் அதில் பாதி, சுமார் 6 மி.மீ., பின்னால் நகரும். 112 கண்ணி என்றால் 7 மி.மீ. கோட்டிலிருந்து ஆக்சில் எவ்வளவு தள்ளியிருக்கிறது என்று பார்த்தாலே செயினின் வயது தெரியும். கண்ணியைக் கழற்றிச் செயினைக் குறுக்கியிருந்தால் மட்டும் இந்தக் கணக்கு பலிக்காது.

இனி வழிகள். முதல் வழி: தேய்மானம் முக்கால் சதவீதத்தை எட்டுவதற்குள் செயினை மட்டும் மாற்றி, பிரீவீலைக் காப்பாற்றுவது. இரண்டாம் வழி: ஒரு சதவீதம்வரை விட்டு, செயினையும் பிரீவீலையும் சேர்த்து மாற்றுவது. மூன்றாம் வழி: எதையும் தொடாமல் ஓட்டி, செயின் தாவத் தொடங்கியதும் செயின், பிரீவீல், செயின்வீல் மூன்றையும் ஒரே நாளில் மாற்றுவது.

கணக்குக்காக 9,000 கி.மீ. தூரத்தை எடுத்துக்கொள்வோம். முதல் வழியில் செயின் 3,000 கி.மீட்டருக்கு ஒருமுறை, பிரீவீல் 9,000-க்கு ஒருமுறை. இரண்டாம் வழியில் இரண்டும் 5,000-க்கு ஒருமுறை. மூன்றாம் வழியில் மூன்றும் 9,000-க்கு ஒருமுறை. மழை, மண், எண்ணெய், மேடு எல்லாம் இந்த எண்களைப் பாதியாக்கவும் செய்யும், கூட்டவும் செய்யும். ஆனால் வழிகளுக்கு இடையிலான விகிதம் அவ்வளவாக மாறாது. செயின்வீல் கிராங்க்கோடு சேர்ந்தது, விலை 4 என்று வைப்போம்.

பிரீவீல் விலையும் செயின் விலையும் ஒன்று என்றால், 9,000 கி.மீட்டருக்கு முதல் வழியில் 3 செயின் + 1 பிரீவீல், ஆக 4. இரண்டாம் வழியில் 3.6. மூன்றாம் வழியில் 6. பிரீவீல் செயினைப் போல ஒன்றரை மடங்கு விலை என்றால் முதல் வழி 4.5, இரண்டாம் வழியும் 4.5. இங்கேதான் தராசு சமமாகிறது. அடைப்புப் பேரிங் வைத்த நல்ல பிரீவீல், விலை 4 மடங்கு என்றால் முதல் வழி 7, மற்ற இரண்டு வழிகளும் 9.

ஆக, சாதாரண மலிவு பிரீவீல் போட்டிருக்கும் சைக்கிளுக்கு இரண்டாம் வழியே போதும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அளந்து பார்ப்பது, ஒரு சதவீதம் வந்ததும் இரண்டையும் மாற்றுவது. பிரீவீலின் விலை செயினைப் போல ஒன்றரை மடங்கைத் தாண்டினால் செயினைச் சீக்கிரம் மாற்றுவது லாபம். மூன்றாம் வழி பல பேர் தெரியாமலே பின்பற்றுவது. செயின்வீல் எஃகாக இருந்து, அதுவும் விலை மலிவாகத் தனியே கிடைத்தால் மட்டும் அது மற்ற வழிகளுக்குப் பக்கத்தில் வரும். அலுமினியச் செயின்வீலுக்கு அது கட்டவே கட்டாது. பணத்தைத் தவிர இன்னொன்றும் உண்டு. தாவுகிற செயின் பெரும்பாலும் நாம் பெடலில் எழுந்து நிற்கும் கணத்தில்தான் தாவும். அப்போது உடல் எடை முழுவதும் ஹேண்டில்பாரின் மேல் போய் விழும். அதற்கு விலை போட முடியாது.

பிரீவீல் ஏன் செயின்வீலுக்கு முன்பே தேய்கிறது என்பதும் இதில் பயன்படும். முன்னால் 44 பல், பின்னால் 18 பல் என்றால், பெடல் ஒரு சுற்று சுற்றும்போது பிரீவீல் கிட்டத்தட்ட 2.44 சுற்று சுற்றும். பின்பல் ஒவ்வொன்றும் அத்தனை மடங்கு வேலை செய்கிறது. அதனால் புதிதாகப் போடும்போது 39க்கு 16, 44க்கு 18 இரண்டும் மிதிக்க ஒரே கனம்தான் என்றாலும் 44க்கு 18 போடுங்கள். பல் கூடினால் சுமை பரவும். செயினும் மெதுவாகத் தேயும். கூடுதல் செலவு பெரும்பாலும் மூன்று நான்கு கண்ணிதான்.

அகலத்தைக் கவனியுங்கள். கியர் இல்லாத சைக்கிளில் 1/8 அங்குலம், 3/32 அங்குலம் என்று இரண்டு அகலத்தில் பல் வரும். 1/8 செயின் 3/32 பல்லின் மேலும் ஓடும். 3/32 செயின் 1/8 பல்லின் மேல் உட்காராது. சந்தேகம் வந்தால் 1/8 செயினையே வாங்குங்கள்.

இறுக்கமும் எண்ணெயும்

செயின் நடுவில் விரலால் மேலும் கீழும் அசைத்தால் மொத்த அசைவு 10 முதல் 15 மி.மீ. இருக்க வேண்டும். எல்லாச் செயின்வீலும் கொஞ்சம் கோணலாகத்தான் சுற்றும். அதனால் பெடலை மெதுவாகச் சுற்றி, செயின் மிக இறுகும் இடத்தைக் கண்டுபிடித்து, அங்கே அந்த அளவு வையுங்கள். தளர்வான இடத்தில் அளந்து வைத்தால், இறுகும் இடத்தில் செயின், சக்கரத்தின் நடுவிலுள்ள ஹப்பையும், கிராங்க்கின் ஆக்சில் சுழலும் பேரிங் பகுதியான பி.பி.யையும் பிடித்து இழுக்கும். பேரிங் காசு அங்கேதான் போகிறது. இறுக்கம் வைக்க, ஆக்சிலின் இரண்டு 15 மி.மீ. நட்டுகளையும் தளர்த்தி, சக்கரத்தைப் பின்னால் இழுத்து, செயின் பக்கத்து நட்டை லேசாகப் பிடிக்க வையுங்கள். பிறகு டயர் பிரேமின் நடுவில் வருமாறு மறுபக்கத்தைத் திருத்தி, இரண்டையும் மாற்றி மாற்றி முடுக்குங்கள்.

எண்ணெய் விஷயத்தில் விலை கூடியதை வாங்கலாமா என்று பலர் யோசிக்கிறார்கள். அதைவிட எண்ணெய் எங்கே போகிறது என்பது முக்கியம். ஊசிக்கும் உருளைக்கும் நடுவே போனால்தான் பயன். வெளித் தகட்டில் நிற்கும் எண்ணெய் மண்ணைப் பிடித்து அரைக்கும் பசையாகிவிடும். கீழ்ப்பக்கச் செயினின் உட்புறத்தில், ஒவ்வோர் உருளைக்கும் ஒரு சொட்டு. முப்பது நாற்பது சுற்று பின்னோக்கிச் சுற்றி, கொஞ்ச நேரம் விட்டு, துணியால் வெளிப்புறத்தைத் துடைத்து எடுங்கள். துடைப்பதைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள்.

மழையில் ஓட்டுபவருக்குக் கெட்டியான எண்ணெய். வறண்ட, புழுதியான சாலைக்கு மெல்லியது. மெழுகை உருக்கிச் செயினை அதில் மூழ்கவிடும் முறையில் செயின் சுத்தமாக இருக்கும், மெதுவாகவும் தேயும். ஆனால் ஒருமுறை நன்றாக நனைந்தால் செயின் சீக்கிரம் துருப்பிடிக்கும், திரும்பக் கழற்றி மூழ்கவிட வேண்டும். தினசரிச் சைக்கிளுக்கு அந்த உழைப்பு கட்டாது. சமையல் எண்ணெய் வேண்டவே வேண்டாம். சில வாரத்தில் பிசினாக இறுகிவிடும். துருவைத் தளர்த்தும் ஸ்பிரேயை எண்ணெய்க்குப் பதிலாக அடிப்பதும் அதே அளவு தவறு. உள்ளே இருந்த நல்ல எண்ணெயை அது கரைத்து வெளியே கொண்டுவந்துவிடும்.

இந்த எல்லாவற்றையும்விடச் செயினின் ஆயுளைக் கூட்டுவது முழுச் செயின்கவர். கியர் இல்லாத சைக்கிளுக்குக் கிடைக்கும் பெரிய வசதி அது. செயின் ஒரே கோட்டில் ஓடுவதால் முழுவதும் மூடிவிடலாம். பின்சக்கரத்தைக் கழற்றும்போது கூடுதலாகச் சிரமப்பட வேண்டும் என்பது உண்மை. ஆனால் ஈரமும் மண்ணும் அதிகமுள்ள சாலையில் ஓட்டுபவர் வேறு எதையும் வாங்குவதற்கு முன் இதை வாங்கலாம்.

பிரீவீல், பிக்சட், பின்மிதி பிரேக்

பின்சக்கரத்தில் மூன்று அமைப்புகள் உண்டு. சாதாரண பிரீவீல் வாங்க மலிவு. அதன் குறை, கழற்றுவதில் இருக்கிறது. நாம் மிதிக்க மிதிக்க அது மரையில் இறுகிக்கொண்டே போகும். கழற்றும் கருவியைக் காடியில் பொருத்தி, ஆக்சில் நட்டை அதன்மேல் கையால் முடுக்கி நிறுத்தி, கருவியைப் பட்டறை வைஸில் பிடித்து, சக்கரத்தையே ஸ்டியரிங்போல இடஞ்சுழியாகத் திருப்ப வேண்டும். மரை விட்டதும் உடனே நட்டைத் தளர்த்துங்கள். தளர்த்தாமல் திருப்பினால் மரையும் ஆக்சிலும் கெடும். நட்டு வைத்து நிறுத்தாமல் திருப்பினால் கருவி வழுக்கிக் காடியின் விளிம்பைச் சீவிவிடும். அதற்குப் பிறகு பிரீவீலைப் பிரித்து உடைத்துத்தான் எடுக்க வேண்டும்.

பிக்சட் அமைப்பில் பிரீவீலே இல்லை; சக்கரம் சுற்றும்வரை பெடலும் சுற்றும், பெடலைக் காலால் தடுத்தால் சக்கரம் நிற்கும். ஒரு பல்சக்கரமும் அதைப் பூட்டும் எதிர்மரை வளையமும் மட்டும். கெட்டுப்போக உள்ளே எதுவும் இல்லாததால் பல்சக்கரம் நீண்ட நாள் வரும், பிரேக் கட்டையும் குறைவாகத் தேயும். ஆனால் சறுக்கி நிறுத்தும் பழக்கம் வந்தால் அந்த மிச்சம் எல்லாம் பின்டயரில் போய்விடும். அதுவும் பல் எண்ணிக்கையைப் பொறுத்தது. 48க்கு 16 என்றால் ஒரே கால் முன்வைத்துச் சறுக்கும்போது டயரின் ஒரே இடம்தான் தேயும். 44க்கு 16 என்றால் நான்கு இடம். 46க்கு 17 என்றால் பதினேழு இடம். எப்படியிருந்தாலும் முன்பிரேக் இல்லாமல் பிக்சட் ஓட்டக் கூடாது. செயின் கழன்றால் அந்தச் சைக்கிளை நிறுத்த வேறு வழி இல்லை.

பெடலைப் பின்னோக்கி மிதித்தால் பிடிக்கும் பின்மிதி பிரேக் ஹப் ஆரம்ப விலையில் கூடுதல். பிறகு நெடுநாளைக்குக் குறைவு. பின்பக்கம் ஒயர் இல்லை, கட்டை இல்லை, ரிம் தேய்வதில்லை, மழையிலும் ஒரே மாதிரி பிடிக்கும். பல்சக்கரம் மூன்று காடியில் உட்கார்ந்து ஒரு வளையக் கிளிப்பால் நிற்பதால், ஸ்குரூடிரைவரால் கிளிப்பை நெம்பி எடுத்துப் பல்லை மட்டும் மாற்றிவிடலாம். மேலே பார்த்த கணக்கில் பிரீவீல் விலை ஒன்றுக்கும் கீழே போய்விடுகிறது. கவனிக்க வேண்டியவை இரண்டு. நீண்ட இறக்கத்தில் தொடர்ந்து பிடித்தால் ஹப் சூடாகி உள்ளே கிரீஸ் எரிந்து கெடும். செயின் கழன்றால் பிரேக் போய்விடும். அதனால் இதற்கும் முன்பிரேக் கட்டாயம். சமதளத்தில், மழை அதிகமுள்ள இடத்தில் ஓட்டுபவர் பின்சக்கரம் எப்படியும் மாற்ற வேண்டிய நாள் வந்தால், இதைப் போடலாம். நன்றாக ஓடும் சக்கரத்தைக் கழற்றிவிட்டு இதை வாங்குவதில் மிச்சம் இல்லை.

டயர்

செயினைப் பற்றி இவ்வளவு பேசினாலும், வருடக் கணக்கு எழுதிப் பார்த்தால் பலருக்கும் டயரும் டியூபும்தான் பெரிய வரி. பின்டயர் கூடுதல் எடையையும் மிதிக்கும் விசையையும் தாங்குவதால் சீக்கிரம் தேயும். பின்டயர் தேய்ந்ததும் முன்டயரைப் பின்னுக்கு மாற்றி, புதியதை முன்னால் போடுங்கள். முன்டயர் வழுக்கினால் விழாமல் தப்புவது கடினம். நல்ல பிடிமானம் முன்னால்தான் இருக்க வேண்டும். ஒரே சைஸ் டயர் என்றால் இதற்கு ஒரு காசு கூடுதல் செலவில்லை.

மலிவு டயரா, அடியில் காப்புப் பட்டை வைத்த தடித்த டயரா? மலிவு டயர் 2, தடித்தது 4 என்று வைப்போம். தடித்தது தூரத்தில் ஒன்றரை மடங்கு வந்தால்கூட டயர் கணக்கில் மட்டும் அது நஷ்டம்தான். அதை லாபமாக்குவது பஞ்சர். பஞ்சரை நீங்களே ஒட்டினால் ஒரு பஞ்சரின் செலவு மிகச் சொற்பம். கடையில் ஒட்டினால் கூலி சேரும். ஒட்டாமல் ஒவ்வொரு முறையும் புது டியூப் போட்டால் அரை செயின் விலை. மாதம் ஒரு பஞ்சர் ஆகி, ஒவ்வொரு முறையும் டியூப் மாற்றுபவருக்குத் தடித்த டயர் நாலைந்து மாதத்தில் விலையைத் திருப்பித் தந்துவிடும். வருடத்துக்கு இரண்டு பஞ்சர் ஆகி, அவற்றைத் தாமே ஒட்டுபவருக்கு மலிவு டயரே போதும். இவர் தடித்த டயர் போட்டால் பணத்தோடு கால் வலியும் வாங்குகிறார். உருளும் போது அது கூடுதல் பலம் கேட்கும்.

முடிவெடுக்கும் முன் உங்கள் பஞ்சர் எந்த வகை என்று பாருங்கள். டியூபில் துளை இருக்கும் இடமே காரணத்தைச் சொல்லிவிடும். தரையைத் தொடும் பக்கம் ஒற்றைத் துளை என்றால் முள், கண்ணாடி, கம்பித்துண்டு. தடித்த டயர் உதவும். பாம்பு கடித்ததுபோல அருகருகே இரண்டு துளை என்றால் காற்றுக் குறைவு. குழியில் இறங்கும்போது டியூப் ரிம்முக்கும் டயருக்கும் நடுவே நசுங்கியிருக்கிறது. இதற்குத் தேவை பம்ப். ரிம்மைத் தொடும் உள்பக்கத்தில் துளை என்றால் ரிம் பட்டை விலகி ஸ்போக் முனையோ துளை விளிம்போ குத்துகிறது. புது டயர் எத்தனை போட்டாலும் இது திரும்ப வரும். பட்டையை மாற்றுங்கள். வால்வின் அடியில் கிழிந்திருந்தால் காற்றுக் குறைந்து டயர் ரிம்மில் நகர்ந்து வால்வை இழுத்திருக்கிறது.

டயரைக் கழற்றும் முன்பே சக்கரத்தில் டியூப் எந்தத் திசையில் இருந்தது என்று வால்வை வைத்து அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். டியூபில் துளை கிடைத்ததும் டயரில் அதே இடத்தில் உட்புறம் தடவிப் பார்க்கலாம். முள் அங்கேயே இருந்தால் ஒட்டிய டியூப் திரும்பவும் பஞ்சராகும். ஒட்டும் இடத்தை உப்புத்தாளால் பளபளப்புப் போகும்வரை தேய்த்து, சொல்யூஷனைப் பேட்ச்சைவிட அகலமாக மெல்லிசாகத் தடவி, ஐந்து நிமிடம் காயவிடுங்கள். ஈரம் இருக்கும்போதே பேட்ச் வைப்பதால்தான் பெரும்பாலான ஒட்டுகள் பிரிகின்றன. தொட்டால் கையில் ஒட்டாமல், ஆனால் பிசுபிசுப்பாக இருக்க வேண்டும். பிறகு பேட்ச்சை நடுவிலிருந்து விளிம்பு நோக்கி அழுத்துங்கள்.

காற்றை வாரம் ஒருமுறை பாருங்கள். டியூப் ரப்பர் வழியே காற்று தானாகவே கசியும். பழுது எதுவும் இல்லாமலே குறையும். 70 கிலோ எடையுள்ளவருக்கு 37 மி.மீ. டயரில் பின்னால் 55, முன்னால் 45 பி.எஸ்.ஐ.யில் தொடங்கலாம். 32 மி.மீ. என்றால் பின்னால் 65, முன்னால் 55. டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் உச்ச அளவைத் தாண்டாதீர்கள். அளவு காட்டும் தரை பம்ப் ஒன்று இரண்டு டயர் விலை இருந்தாலும் வாங்கத் தகுந்தது.

பிரேக் கட்டையும் ரிம்மும்

ரிம் பிரேக்கில் கட்டை அரை செயின் விலை. ரிம் தேய்ந்தால் ஸ்போக் பின்னிச் சக்கரம் கட்டும் கூலியும் சேர்ந்து ஆறு, எட்டு என்று போகும். அதனால் இங்கே யோசிக்க எதுவும் இல்லை. கட்டையில் உள்ள காடி மறையும் முன் மாற்றிவிடுங்கள். அதைவிட முக்கியமானது, மாதம் ஒருமுறை கட்டையின் முகத்தைத் திருப்பிப் பார்ப்பது. மினுமினுக்கும் சிறு உலோகத் துகள்கள் பதிந்திருந்தால் ஊசி முனையால் நோண்டி எடுத்து, உப்புத்தாளால் முகத்தைத் தேய்த்துவிடுங்கள். பிரேக் பிடிக்கும்போது கரகர சத்தம் வந்தால் அந்தத் துகள்தான் ரிம்மைச் சீவுகிறது. மழையில் ஓட்டியபின் ரிம்மைத் துணியால் துடைத்தாலே அதன் ஆயுள் கூடும்.

பிரேக் ஒயர் மாற்றும்போது வெளி உறையைப் பிரேக்குக்கு என்றே கேட்டு வாங்குங்கள். நீளவாக்கில் கம்பி ஓடும் கியர் உறை ஒரே மாதிரி தெரியும். திடீரென்று பலமாகப் பிடித்தால் அது பிளந்துபோகலாம்.

பால்ஸும் பேரிங்கும்

உதிரி பால்ஸ் வைத்த ஹப்பா, அடைப்புப் பேரிங் ஹப்பா என்பது உண்மையில் யார் வேலை செய்வது என்ற கேள்வி. உதிரி பால்ஸ் அமைப்பில் பொருள் செலவு கிட்டத்தட்ட இல்லை. முன் ஹப்பில் பெரும்பாலும் பக்கத்துக்குப் பத்து 3/16 அங்குல பால்ஸ், பின் ஹப்பில் பக்கத்துக்கு ஒன்பது 1/4 அங்குல பால்ஸ், ஒரு கரண்டி கிரீஸ். வருடம் ஒருமுறை நீங்களே பிரித்து ஓவராயில் செய்தால் இதைவிட மலிவு எதுவும் இல்லை. பால்ஸை எப்போதும் மொத்தமாகப் புதிதாகப் போடுங்கள். பழையதும் புதியதும் கலந்தால் பெரியவற்றின் மேல் மட்டும் சுமை விழும். ஆக்சிலில் பால்ஸை அழுத்திப் பிடிக்கும் கோனை ஆட்டமும் இல்லாமல், கரகரப்பும் இல்லாமல் வைத்து, லாக் நட்டை முடுக்கியபின் திரும்பவும் பாருங்கள். முடுக்கும்போது கோன் கொஞ்சம் இறுகிவிடும்.

கடையில் கூலி கொடுத்துச் செய்பவருக்குக் கணக்கு தலைகீழ். வருடா வருடம் கொடுக்கும் கூலிக்கு அடைப்புப் பேரிங் பி.பி.யே வாங்கிவிடலாம். அதைத் திறக்கவும் வேண்டாம், கிரீஸ் வைக்கவும் வேண்டாம். ஆடத் தொடங்கினால் முழுதாக மாற்றுவதுதான். எனவே பி.பி.யை அடைப்புப் பேரிங்காக மாற்றிவிட்டு, ஹப்பை உதிரி பால்ஸாகவே வைத்து வருடம் ஒருமுறை பார்ப்பது பலருக்கும் ஏற்ற நடுவழி. ஹப்பைக் கவனிக்காமல் விட்டால் கோனோடு நிற்காது. ஹப்புக்குள் இருக்கும் கிண்ணமும் குழிந்துபோகும். அதைத் தனியே மாற்ற முடியாத ஹப்புகளே அதிகம். அப்போது முழுச் சக்கரமும் போகும்.

பி.பி.யைக் கழற்றுபவர் மரையை மறக்க வேண்டாம். ஆங்கில மரை உள்ள பிரேமில் செயின் பக்கத்துக் கிண்ணம் எதிர்மரை. இடது பெடலும் எதிர்மரை. தெரியாமல் பலம் கொடுத்து நாசமான பிரேம்களும் கிராங்க்குகளும் நிறைய.

அலுமினியக் கிராங்க் சதுர முனை ஆக்சிலில் உட்கார்ந்திருந்தால், அதன் போல்ட் 35 முதல் 40 நியூட்டன் மீட்டர் இறுக்கம் கேட்கும். அளவுக் கருவி இல்லாவிட்டால், 20 செ.மீ. நீளப் பிடியின் முனையில் 20 கிலோ எடை அளவுக்கு அழுத்துங்கள், கிட்டத்தட்ட அதே இறுக்கம் வரும். புது சைக்கிளில் முதல் வாரமும், ஒரு மாதம் கழித்தும் பாருங்கள். தளர்ந்த போல்ட்டோடு ஓட்டினால் கிராங்க்கின் சதுரத் துளை உருண்டுவிடும். அதற்குப் பிறகு எவ்வளவு முடுக்கினாலும் நிற்காது. மிதிக்கும்போது ஒரே இடத்தில் டக் டக் என்று சத்தம் வந்தால் அன்றே பாருங்கள். ஆக்சிலில் கிராங்க்கைப் பூட்டும் ஆப்பு போன்ற காட்டர் பின் வைத்த கிராங்க் என்றால் அதே சத்தத்துக்குப் பின்னை மட்டும் மாற்றினால் போதும். பழைய அமைப்புக்கு உள்ள நல்ல குணம் அது.

கருவியா, கூலியா

ஒரு கருவியின் விலையை, அந்த வேலைக்கு ஒருமுறை கேட்கும் கூலியால் வகுங்கள். வரும் எண்ணிக்கை அளவுக்கு அந்த வேலை இரண்டு வருடத்துக்குள் வருமா என்று பாருங்கள். பம்ப், டயர் நெம்பி இரண்டு, பஞ்சர் பெட்டி, 15 மி.மீ. ஸ்பேனர், இரும்பு ஸ்கேல், செயின் ஊசி தள்ளும் கருவி எல்லாம் இந்தச் சோதனையில் உடனே தேறிவிடும். கோன் ஸ்பேனர் ஹப் ஓவராயில் செய்பவருக்குத் தேறும். பி.பி. கருவி, கிராங்க் இழுப்பான், பிரீவீல் கருவி ஆகியவை இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறைதான் தேவைப்படும். அவற்றை நாலு பேர் சேர்ந்து வாங்கலாம், அல்லது அந்த வேலைக்கு மட்டும் கடைக்குப் போகலாம். பிரீவீல் கழற்ற வைஸும் வேண்டும் என்பதால் அதைக் கடையில் விடுவதே மேல். ரிம் கோட்டம் எடுப்பதில் சிறு கோட்டத்தை நீங்களே கால் சுற்று, அரைக்கால் சுற்று என்று பழகலாம். ஸ்போக்குகள் அடுத்தடுத்து அறுந்தால் மட்டும் கைதேர்ந்தவரிடம் மொத்தச் சக்கரத்தையும் இழுவை சரிபார்க்கக் கொடுங்கள். ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டிருந்தால் முடிவே வராது.

இந்த மாதம் ஒன்றுக்குத்தான் பணம் என்றால்

பிரேக் கட்டை காடி மறைந்திருந்தால் அது முதலில். அடுத்து, டயரில் நூல் தெரிந்தால் டயர். காசே இல்லாமல் செய்யக்கூடிய கிராங்க் போல்ட், ஆக்சில் நட்டு, செயின் இறுக்கம், காற்று நான்கையும் இதற்கிடையில் முடித்துவிடுங்கள். மூன்றாவதாகச் செயின். அது ஒரு சதவீதத்தைத் தாண்டி, பல்லும் அரிவாளாகி, பிரீவீல் வாங்கப் பணம் போதாவிட்டால் புதுச் செயினை மட்டும் வாங்கிப் போடாதீர்கள். தேய்ந்த பல் அந்தப் புதுச் செயினை வேகமாகக் கெடுத்துவிடும். தாவாதவரை பழைய செயினையே எண்ணெய் போட்டு, இறுக்கம் வைத்து, உட்கார்ந்தபடியே மிதித்து ஓட்டுங்கள். அடுத்த மாதம் இரண்டையும் சேர்த்து வாங்கி, ஒரே நாளில் மாற்றி, ஆக்சில் நிற்கும் இடத்தில் புதுக் கோடு ஒன்று போட்டுவையுங்கள்.